வெளியே உட்கார வைத்த முகம்

“நான் வாயைத் திறந்தேனா மேடம், அதை மட்டும் சொல்லுங்க. இத்தனை நாள்ல ஒரு தடவையாவது வாயைத் திறந்தேனா?” என்று அவள் கேட்டது மாடி முழுக்கக் கேட்டது, கேட்கட்டும் என்றுதான் கேட்டாள், மேடமும் சளைக்காத குரலில், “உங்க வாயைப் பத்தி இப்ப யார் பேசினா? உங்க முகம்தான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டார்... முகமா, முகம் என்ன செய்தது, அது பாட்டுக்குக் கழுத்துக்கு மேலே இருந்ததைத் தவிர? இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து வாங்க வந்து இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மருத்துவமனை டாக்டரம்மா, பையைத் தோளில் இருந்து இறக்கவும் இல்லாமல் உள்ளே போகவும் இல்லாமல், சுவரில் தொங்கிய தீயணைப்புக் குப்பியின் விதிமுறைகளை நாளைக்குப் பரீட்சை மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார், இயந்திரத்தை ஓட்டுகிற ஊமை, வாய் பேச வராதவர் இல்லை, பேசுவதற்குக் கூலி கேட்பவர் போலப் பேசுகிறவர் என்பதால் வந்த பெயர் அது, மேசைக்கு அடியில் குனிந்து ஏற்கெனவே நன்றாகச் செருகியிருந்த ஒயர்களை இன்னொரு தடவை செருகிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை, அக்கா பாவம் இருக்கட்டுமே என்று ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததா, வரவில்லை. பிறகு கதவு சாத்திக்கொண்டது, உள்ளே கறுப்புத் திரையை இழுக்கும் வளையங்களின் சத்தம் கேட்டது, வராந்தா பெஞ்சில் அவள் இருந்தாள், அவளோடு அவள் முகமும் இருந்தது.

பெஞ்சு சில்லென்றிருந்தது. முகத்தால் என்ன சொல்லிவிட முடியும் என்று கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள், எப்போதும் போலத்தான் இருந்தது, கோபத்தில் மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவளுக்கு வானொலி என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது, அவளுக்குத் தெரியாத விஷயங்கள் அந்தக் கட்டடத்தில் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று. யாருக்கு யாரோடு பேச்சில்லை, மூன்றாம் மாடிப் பையன் ஏன் திடீரென்று தாடி வளர்க்கிறான், கணக்குத் துறைத் தலைவரை வீட்டில் எந்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள், எல்லாம் காலையில் அவள் காதில் விழுந்து மத்தியானத்துக்குள் மாடி மாடியாக ஏறி இறங்கி அவளிடமே திரும்பி வந்துவிடும், திரும்பி வரும்போது கொஞ்சம் சதை போட்டிருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளிடம் போய் ரகசியம் காக்கிற வேலையை மேடம் கொடுத்தபோது கட்டடமே சிரித்தது. சிரிக்கட்டும். வேலை பார்த்த ஜெல்லி கம்பெனியை இழுத்து மூடின பிறகு நாற்பது தாண்டினவளுக்கு யார் வேலை கொடுத்தார்கள், நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் வயதைப் பார்த்தார்கள், மேடம் மட்டும்தான் அவள் கொண்டுபோன ஜெல்லிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு குமிழிகூட இல்லையே எப்படி ஊற்றினீங்க என்று கேட்டார்... அந்த ஒரு கேள்விக்காக அவரிடம் எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முகத்தைப் பற்றி எப்படிச் சொல்லலாம், அதுவும் வெளியாள் முன்னால்? வேலை இதுதான், போலிச் சதை செய்வது. ஜெல்லிப் பொடி, பால், ஒரு சொட்டு கறுப்பு மை, இவ்வளவையும் சூடாகக் கலந்தால் ஒளிக்கு அதற்கும் மனுஷச் சதைக்கும் வித்தியாசம் தெரியாது. பாதி ஊற்ற வேண்டும், உறைய விட வேண்டும், தையல் கடையில் வாங்கின கறுப்பு மணியை மேலே வைக்க வேண்டும், மீதியை ஊற்ற வேண்டும், ஆறிப்போய் ஊற்றினால் இரண்டு பாதியும் ஒட்டாமல் நடுவில் கோடு விழும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழ்ப்பாதி இளகி மணி நீந்திப்போய்விடும், கையில் பட்டால் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற சூடு இருக்கிறதே அதுதான் கணக்கு. மணி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். உள்ளே இருப்பவர்கள் இயந்திரத்தின் ஒளியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், கடைசியில் கத்தியால் அறுத்துப் பார்ப்பார்கள். நாளைக்கு இயந்திரத்தின் விளக்கு வளையத்துக்குள் ஒரு பெண்ணின் மார்பு இருக்கும், உள்ளே இருப்பது மணியாக இருக்காது, கட்டியாக இருக்கும், அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லவும் முடியாது, அதற்காகத்தான் இவ்வளவும்.

ஒளி உள்ளே போய் என்ன செய்கிறது என்று ஒரு நாள் ஊமையிடம் கேட்டாள், ஒரு வருஷத்துக்கான பேச்சை அன்றைக்கே செலவழித்தார் மனுஷர், டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்தால் கை முழுக்கச் சிவப்பாகிறது, எலும்பு தெரிகிறதா, தெரியாது, ஏனென்றால் ஒளி நேராக வருவதில்லை, உள்ளே அலைகிறது, எங்கெங்கோ மோதித் திரும்பி எதன் வழியாகவோ வெளியே வருகிறது என்றார், பிறகு கொஞ்சம் யோசித்து, “நீங்க காலையில ஒரு விஷயத்தைக் கீழ் மாடியில விடுறீங்க இல்லையா அக்கா, அது மாதிரி” என்றார், சிரிக்காமல். தெருவில் ஒரு சேதியை விட்டால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சுற்றும், ஒரே ஒரு வீட்டில் மட்டும் உள்ளே போனது வெளியே வராது, அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சேதி கொஞ்சம் குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கும், யார் யாருக்குக் குறைச்சல் என்று சுற்றிலும் விசாரித்தால் வாயைத் திறக்காத அந்த வீடு எதுவென்று சொல்லிவிடலாம், அதுதான் மணி, நாங்க செய்யறது அந்த விசாரணைதான் என்றார். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, தன் பிழைப்பை யாரோ விஞ்ஞானமாக்கிவிட்டது போல ஒரு பெருமை வந்தது, அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனாரிடம் வரி விடாமல் சொன்னாள், நாத்தனாரும் வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். முதல் சில மாதம் மணியின் இடம் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது, சொல்லிவிட்டால் தேவலை என்றிருக்கும், சொல்லவில்லை, வாழ்க்கையில் அவள் காப்பாற்றின ஒரே ரகசியம் அது, அதுவும் வாராவாரம் புதுசு... இப்போது சொல்கிறார்கள், வாயால் சொல்லவில்லையாம், முகத்தால் சொல்லிவிட்டாளாம்.

எல்லாம் அந்தக் கடைவாய்ப் பல்லால் வந்தது. பல்லைப் பிடுங்கின வாரம் அவள் கன்னம் வீங்கி, கண் பாதி மூடி, சிரிக்கவும் முடியாமல் சுளிக்கவும் முடியாமல் மாவுருண்டை மாதிரி முகத்தோடு வேலைக்கு வந்தாள், அந்த வாரம் பார்த்து இயந்திரம் ஒரு மணியைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை. மேடம் சும்மா இருப்பாரா, பழைய படங்களையெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு, ஒயரை மாற்றினோமா, பாலை மாற்றினோமா, விளக்கு பழசாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மீதி நின்றது இவள் கன்னம். விஷயம் என்னவென்றால் படம் ஒரேயடியாக வந்துவிடாது, மூடுபனியிலிருந்து யாரோ நடந்து வருவது போலச் சுற்றுச் சுற்றாகத் தெளியும், சீக்கிரம் நிறுத்தினால் ஒன்றுமே இருக்காது, ரொம்ப விட்டால் அம்மை போட்ட உடம்பு மாதிரி எங்கே பார்த்தாலும் புள்ளி, எந்தச் சுற்றில் போதும் என்று நிறுத்துவது என்பது ஊமையின் கையில். நிறுத்துவதற்கு முன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், டீ கேட்கிறாராக்கும் என்று நினைத்திருக்கிறாள், கழுத்து வலியாக்கும் என்று நினைத்திருக்கிறாள், தைலம்கூட வாங்கிக் கொடுத்தாள்... அவர் திரும்பின நேரத்தில் இந்த முகம் என்ன செய்துகொண்டிருந்தது, திரையில் மணி சரியான இடத்தில் தலை காட்டும்போது உதடு லேசாக விரிந்ததா, தப்பான மூலையில் புள்ளி கிளம்பும்போது புருவம் ஏறினதா? அப்படியானால் இரண்டு வருஷமாக இயந்திரம் பார்த்தது எது, சதையையா, இவளையா? இவளைத்தான் என்றால், இயந்திரத்தைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மருத்துவமனையில் இயந்திரத்தோடு ஊமைக்கும் ஒரு நிரந்தர வேலை என்று பேசியிருந்தார்களே அதுவும் போகும், நாற்பத்தொரு வயதில் வருஷா வருஷம் நீட்டிப்புக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற மனுஷருக்கு வேறு என்ன இருக்கிறது. அவ்வளவும் இன்றைக்கு, இப்போது, இந்தக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது, அவள் முகம் இல்லாமல். இயந்திரம் ஜெயிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டிருக்கும்போதே, தோற்றுவிட்டால் இரண்டு வருஷமும் நான்தானே இயந்திரம் என்று ஒரு நினைப்பு உள்ளே குறுகுறுவென்று எழுந்தது, சே, என்ன மனசு இது, தன் தொடையில் தானே கிள்ளிக்கொண்டாள்.

நாத்தனார் சாப்பாட்டுப் பையோடு படியேறி வந்தாள். கணவருடைய தங்கை, முப்பத்தெட்டு, அடுத்த தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, அண்ணிக்குச் சூடாகச் சாப்பிட்டால்தான் ஒத்துக்கொள்கிறது என்று கடையின் இடைவேளையில் அவளே தினம் கொண்டுவந்து கொடுப்பாள், இப்படியொரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் வீட்டு நாத்தனார் கதைகளெல்லாம் வானொலிக்கு அத்துப்படி, ஒன்றுகூட வெளியே சொல்லும்படி இருக்காது, சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இவளுக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும் என்று வானொலி போடாத கணக்கில்லை, ஊமையிடமே ஒரு தடவை நேராகக் கேட்டாள், எங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு, உங்களை மாதிரியே அளந்துதான் பேசும், ரெண்டு பேரும் சேர்ந்தா வீட்டுல சத்தமே இருக்காது என்று, அவர் காது சிவக்க ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், வீட்டில் வந்து சொன்னதற்கு நாத்தனார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா அண்ணி என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள், சரி, இரண்டும் உதவாது என்று அந்தப் பேச்சை அதோடு கைகழுவினாள். இப்போது நாத்தனார் பையை மடியில் வைத்துக்கொண்டு, திறக்கவும் இல்லாமல், உள்ளே என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றாள் வானொலி. டாக்டர் என்ன சொன்னாங்க என்றாள். என்ன சொல்லுவாங்க, தீயை எப்படி அணைக்கறதுன்னு படிச்சிட்டு உள்ளே போனாங்க. நாத்தனார் சிரிக்கவில்லை. பாவம், அண்ணியை வெளியே தள்ளினதில் அவளுக்கும் மனசு சரியில்லை போல, என்று வானொலிக்கு நெஞ்சு இளகிப்போனது.

முகம் முகம் என்கிறார்களே, இந்த முகத்தை வீட்டில் யார் பார்த்தார்கள்? கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தபோது கணவர் பத்திரிகையைத் தாண்டித் தலையைத் தூக்கவில்லை, வீக்கம் வடியத் தொடங்கின பிறகுதான் ஒரு நாள் பார்த்து, என்ன, கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கே என்றார், நல்ல மனுஷர்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பார்க்கும் பழக்கமும் கிடையாது. மகன் வெளியூரிலிருந்து போனில் கூப்பிட்டால் குரலைக் கேட்டுவிட்டு நல்லா இருக்கியாம்மா என்று முடித்துக்கொள்வான். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் காது வேண்டும், வாய் வேண்டும், நடுவில் இருப்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? அந்த வாரம் ஊமை ஒன்றும் கேட்கவில்லை, ஜெல்லி வைக்கிற குளிர்பெட்டியிலிருந்து ஒரு பனிப் பையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, இப்போது இந்தச் சில்லென்ற பெஞ்சில்... இரண்டு வருஷமாக ஒருவர் இந்த முகத்தைப் படித்திருக்கிறார். எந்தச் சுளிப்புக்கு என்ன அர்த்தம், எந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று, கட்டினவருக்குத் தெரியாதது, பெற்றதுக்குத் தெரியாதது, கண்ணாடியில் பார்க்கிற தனக்கே தெரியாதது. இதற்குக் கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா? கோபம் எந்தப் பக்கமாக இறங்கிப்போனதென்று தெரியவில்லை, நன்றி மட்டும் நின்றது, அது அவருக்கா மேடத்துக்கா, இந்தப் போலிச் சதைக்கா, கடைவாய்ப் பல்லுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, எல்லோருக்கும் சேர்த்தே இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே இயந்திரத்தின் விசிறி ஓடத் தொடங்கியது. இன்றைய ஜெல்லியில் மூன்று மணி வைத்திருந்தாள், ஒன்று ஓரத்தில், ஒன்று கொஞ்சம் உள்ளே, மூன்றாவதை நட்டநடுவில் ஆழத்தில், யாருக்கும் சலுகை காட்டவில்லை, நேற்றைக்கு அதை வைக்கும்போது தன் நேர்மையைத் தானே மெச்சிக்கொண்டாள், இப்போது, அந்த மூன்றாவதை ஏன் அங்கே வைத்தேன், இன்னும் ஒரு விரல்கடை மேலே வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு, ஒளி புகாமலிருக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள், அதன் கீழ் மூலை பிய்ந்து சுருண்டிருந்தது, உள்ளே கறுப்புத் திரைக்கும் அந்த மூலைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, ஊமை உட்காரும் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினால் நேரே இங்கேதான். அவளுக்குத் தெரியும். அந்தக் கதவின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் அவளைவிட யார் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்? எழுந்துபோய்க் குனிந்து முகத்தை அங்கே வைத்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம், அவர் எப்படியும் திரும்புவார், பழக்கம் விடாது, சரியான சுற்றில் இந்த உதடு தானாகவே விரியும், மூன்று மணியும் கிடைக்கும், டாக்டரம்மா கைகுலுக்குவார், மனுஷருக்கு வேலை நிரந்தரம்... இவ்வளவு நாள் தெரியாமல் செய்ததை இன்றைக்கு ஒரு தடவை தெரிந்து செய்தால் என்ன? அப்புறம் மருத்துவமனைக்கு வருகிற பெண்களுக்கு? அவர்கள் முகத்தில் பார்க்க என்ன இருக்கும், தன் மார்புக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாதே? அது அப்புறம், இது இப்போது, என்று எழுந்துவிட்டாள், இரண்டடி போயும்விட்டாள்.

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற பிடி.

“வேண்டாம் அண்ணி. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்க்க மாட்டேன்னு சொல்லியிருக்கார்.”

யாரு?

“உங்களை வெளியே உட்கார வைக்கச் சொன்னதே அவர்தான். மேடம்கிட்ட அவரேதான் போய்ச் சொன்னார். தான் பார்க்கறது மெஷினையா உங்களையான்னு தெரியாம ஒரு மாசமா அந்த மனுஷன் சரியா தூங்கலை.”

வானொலி உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தாரே, அது வெட்கமா... மேடம் மொத்தத் திட்டையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அவர் பெயரை விட்டுவிட்டாரே, அது பெருந்தன்மையா... கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது, அதே கையால் யாரோ தடவிக்கொடுத்த மாதிரியும் இருந்தது. அதற்கெல்லாம் அப்புறம்தான், ரொம்ப அப்புறம்தான், வேறொன்று வந்து இடித்தது. அவர் தூங்காதது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று யாரிடம் சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார்? ஊரில் எந்த வீட்டு அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் மணம் பிடிக்கிற மூக்கு, தன் வீட்டில், தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தினம் மூன்று மாடி ஏறினவளை... அண்ணிக்குச் சூடாகச் சாப்பிட்டால்தான் ஒத்துக்கொள்கிறது. அடிப்பாவி. எத்தனை நாளாக என்று கேட்க வாயைத் திறந்தாள், நாத்தனாரின் பிடி இன்னும் தளரவில்லை, அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கு நுனி வியர்த்திருந்தது, வானொலி வாயை மூடிக்கொண்டாள், மூடின வாய் அவளுக்கே புதுசாக இருந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாடு மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

கதவு திறந்து மேடம் வானொலியை உள்ளே கூப்பிட்டார், அறுக்க வாருங்கள் என்றார், திட்டின குரல் இல்லை. இயந்திரத்தின் திரையில் இரண்டு புள்ளி, ஓரத்தில் ஒன்று, உள்ளே ஒன்று, அவள் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தன, மூன்றாவது இல்லை. ஊமை நிறுத்த வேண்டிய சுற்றில் நிறுத்தியிருந்தார், தானாகவே, அம்மை போடவில்லை. அவள் கத்தியை நனைத்து ஜெல்லி வட்டத்தின் நடுவில் இறக்கினாள், டாக்டரம்மா பக்கத்தில் வந்து குனிந்தார், ஆழத்திலிருந்து மூன்றாவது மணி கறுப்பாக எட்டிப்பார்த்தது, அதைப் பார்த்து ஊமையின் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். இது எவ்வளவு ஆழம் என்று டாக்டரம்மா கேட்டார், அவள் சொன்னாள். டாக்டரம்மா மணியை விரல் நுனியில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆழத்துக்கு நான் வேற வழி வச்சிருக்கேன், என்றார், பிறகு, “இல்லாததை இருக்குன்னு காட்டலை பாருங்க, எனக்கு அதுதான் வேணும். இல்லாததுக்காக நான் எத்தனை பேர் மேல கத்தி வச்சிருக்கேன் தெரியுமா?” என்றார், பையை அப்போதுதான் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார். பையை இறக்கினால் பேச்சு நல்லபடி முடிந்தது என்று அர்த்தம், அதை வாசிக்க வானொலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடம் அவள் பக்கம் திரும்பி, ஆழமா வச்சதுக்கு நன்றி என்றார், அவ்வளவுதான், காலையில் போட்ட சண்டைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது, அவளும் எதிர்பார்க்கவில்லை, கத்தியைத் துடைத்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள், பால் நெடி என்று சொல்லிவைத்தாள்.

அப்போதுதான் ஊமையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை என்றுதான் சொல்ல வேண்டும், முதுகைப் பார்த்திருக்கிறாள், பின்கழுத்தைப் பார்த்திருக்கிறாள், காலரின் அழுக்கைக்கூடக் கவனித்துக் கீழ் மாடியில் சொல்லியிருக்கிறாள், முகம்... இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, இது எப்போதிலிருந்து இருக்கிறது? அந்த முகம் அவளைத் தாண்டித் திறந்த கதவு வழியாக வராந்தாவுக்குப் போனது, அங்கே பெஞ்சருகே சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு நின்றவளிடம் போய்ச் சேர்ந்தது, அது சொன்னதை வாசிக்கத் தனியாகப் பள்ளிக்கூடம் வேண்டாம், பல் பிடுங்கின வாரத்து அவள் கணவரேகூட வாசித்திருப்பார். அப்படியானால், என்று கத்தியைப் பிடித்தபடியே நின்றாள், இரண்டு வருஷமாகத் திரும்பித் திரும்பி இந்த முகத்தைப் பார்த்தாரே, எதற்குப் பார்த்தார், மணி எங்கே என்றா, அல்லது அக்காவுக்கு விஷயம் தெரிந்துபோய்விட்டதா இல்லையா என்றா? பல் பிடுங்கின வாரம் படம் கெட்டுப்போனது இந்த வீங்கின முகத்தாலா? அந்த வாரம் முழுக்க அவள் கஞ்சிதான் குடித்தாள், காலையிலேயே குடுவையில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டாள், நாத்தனார் ஒரு நாள்கூடச் சாப்பாட்டுப் பையோடு மாடியேறவில்லை... அவர் கையைக் கெடுத்தது வீங்கின முகமா, வராத சாப்பாட்டுப் பையா? ஒயரையும் பாலையும் விளக்கையும் கழித்துப் பார்த்த மேடம் அந்தப் பையைக் கழித்துப் பார்க்கவில்லை. சொல்லலாமா? சொன்னால் தன் முகத்தின் மேலிருக்கிற பழி போகும். பழி போனால், ஒருவர் இந்த முகத்தைப் படித்தார் என்பதும் அதோடு போகுமே. அவள் சொல்லவில்லை. அறுத்த ஜெல்லியை வாளியில் வழித்துப் போட்டாள்.

அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது, சாட்சிக் கையெழுத்து வானொலி போட்டாள், கட்டடத்தில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அது தெரிந்தபோது மூன்றாம் மாடிக்குக் கல்யாணத்தைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி. கணவர், தங்கைக்கு எப்ப மாப்பிள்ளை பார்த்தோம் என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். மேடம் இயந்திரத்தை மரப்பெட்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார், அதன் பின்னாலேயே ஊமையும் நாத்தனாரும் அந்த ஊருக்குக் குடிபோனார்கள், மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் மொட்டை மாடியோடு ஒரு மேல்வீடு, அங்கே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கும் வேலை கிடைத்துவிட்டது. முகமா பையா என்று ஊமையிடம் போனில் கேட்டுவிடலாம்தான், இரண்டு தடவை வாய்வரை வந்தது, அவர் ஹலோவுக்கு மேல் பேசுகிற ஆளில்லை என்பது ஒரு காரணம், பதில் வந்துவிட்டால் அதை என்ன செய்வது என்பது இன்னொன்று. எதுவாக இருந்தாலும் பனிப் பையை வைத்தது வைத்ததுதானே. போன வாரம் நாத்தனார் கூப்பிட்டு, மேல்வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கீழ்வீட்டுக்கு மாறிவிட்டோம் அண்ணி, கொஞ்ச நாளைக்குப் படி ஏற வேண்டாம்னு லேடி டாக்டர் சொன்னாங்க, என்றாள், ஏன் என்று அவள் சொல்லவில்லை, ஏன் என்று வானொலியும் கேட்கவில்லை, கட்டடத்தின் கீழ் மாடியில் இன்னும் யாருக்கும் தெரியாது.